வீடற்றோரைக் குறைக்கும் கூட்டு முயற்சியை அமெரிக்க ஊர்கள் எப்படி அளக்கின்றன?

அமெரிக்காவில் ஒரு வட்டாரத்தின் அரசு அலுவலகங்களும் தொண்டு அமைப்புகளும் வீடற்றோருக்காகச் சேர்ந்து இயங்கும் ஏற்பாட்டை ‘கன்டினியூம் ஆஃப் கேர்’ என்பர். அதன் பணியை அளப்பது, எத்தனை போர்வை கொடுத்தோம் என்று எண்ணுவதன்று. எத்தனை பேர் முதன்முறையாக வீடிழந்தனர், எத்தனை நாள் அந்நிலையில் தவித்தனர், நிலையான வீடு பெற்றவர்களில் எத்தனை பேர் 6, 12, 24 மாதங்களுக்குள் மீண்டும் வீடற்ற நிலைக்குத் திரும்பினர் என்று பார்ப்பதாகும். ஓர் அமைப்பிலிருந்து வெளியேறியவர் அடுத்த தெரு அமைப்பின் வாசலில் நிற்கக்கூடும் என்பதால், வட்டாரம் முழுவதற்கும் ஒரே கணக்கு தேவைப்படுகிறது. ஜனவரி இறுதியில் ஓரிரவு, தன்னார்வலர்கள் கைவிளக்குடன் சென்று, பாலத்தடியிலும் நிறுத்திய கார்களிலும் உறங்குவோரை எண்ணுவதும் உண்டு. ஆயினும் அந்த ஓரிரவுக் கணக்கு மட்டும் போதாது: ஊற்றின் வேகம் அறியாமல் கிணற்றின் நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவரால், இறைத்தது பலித்ததா என்று சொல்லவே முடியாது.

தங்குமிடத்தில் படுக்கை கிடைத்தவர் கணக்கிலிருந்து நீங்கிவிடுவார் எனப் பலர் நினைக்கின்றனர்; ஆனால் அவசரத் தங்குமிடத்தில் உறங்குபவரும் வீடற்றவராகவே எண்ணப்படுகிறார்.