தங்கைகளும் கையெழுத்துப் போடட்டும், பிறகு முன்பணம்

கேள்வி: பல வருடங்களாக விவேக்நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பொம்மசந்திராவைத் தாண்டி, ஆனேக்கல் தாலுக்காவில் ஒரு பழைய ஊரின் நடுவே, கோயில் தெருவில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 30-க்கு 45 அடி மனை. சத்தமே இல்லாத தெரு, வாசலில் அரசமர மேடை, பார்த்ததும் பிடித்துவிட்டது. விலை 82 லட்சம். விற்பவர்கள் அண்ணன், தம்பி இருவர். தாத்தா காலத்து வீடு; அப்பா 2009-ல் காலமானபின், 2012-ல் இருவரும் பாலுபட்டி (குடும்பப் பாகப் பட்டியல்) எழுதிப் பிரித்துக்கொண்டார்களாம். இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணத்தின்போதே செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்கிறார்கள். 'இது கிராமத்தாணா இடம், கன்வர்ஷன் (விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்றுவது) தேவையில்லை, பஞ்சாயத்தின் பாரம் 9, பாரம் 11 எல்லாம் இருக்கிறது' என்கிறார் புரோக்கர். 52 லட்சத்துக்குப் பத்திரம், மீதி 30 லட்சம் ரொக்கம், இந்த வாரமே 5 லட்சம் முன்பணம் என்று கேட்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, விவேக்நகர், பெங்களூரு

பதில்: வீடு நல்ல வீடாகவே இருக்கலாம் அம்மா. ஆனால் இந்த வாரம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் கவலைப்பட வைப்பது இடம் அல்ல, குடும்பம். ஊர் நடுவில் உள்ள வீட்டுக்கு லேஅவுட் அனுமதி, ஒதுக்கீட்டுக் கடிதம் என்று எதுவும் இருக்காது. யார் யாருக்குப் பிறந்தார், யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதுதான் அங்கே மூல ஆவணம். அதில் ஒருவர் விடுபட்டாலும் விலை கொடுத்து வழக்கை வாங்கியது போலாகிவிடும்.

தங்கைகளுக்குப் பங்கு இல்லை என்ற பேச்சைச் சட்டம் ஏற்காது. வீடு கூட்டுக் குடும்பச் சொத்து என்றால், கர்நாடகத்தில் 1994-லேயே மகள்களுக்குப் பங்குரிமை தரும் திருத்தம் வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. மகளுக்கு அது பிறப்பிலேயே வரும் உரிமை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. உங்கள் விற்பனையாளர்களின் பாலுபட்டி 2012-ல் எழுதியது, அதுவும் பதிவு ஆகாதது என்று தோன்றுகிறது. தங்கைகளைத் தள்ளிவைக்க அது உதவாது. கல்யாணச் செலவும் சீரும் பங்குக்கு ஈடாகாது.

'இல்லை, இது தாத்தா சுயமாகச் சம்பாதித்தது' என்று அவர்கள் சொன்னால் கையெழுத்துகள் கூடுமே தவிரக் குறையாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அதாவது விற்பவர்களின் அத்தைகள், சித்தப்பாக்கள், அவர்கள் இல்லையென்றால் அவர்களுடைய வாரிசுகள். அப்பாவின் பங்கில் அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் எல்லோருக்கும் சமபாகம். அம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

ஆகவே வம்ச விருட்சத்தை (குடும்ப வாரிசுப் பட்டியலை) அப்பாவிலிருந்து அல்ல, தாத்தாவிலிருந்து கேளுங்கள். நாடகச்சேரி என்னும் வருவாய்த்துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்குவது அது. குடும்பத்தார் கொடுக்கும் உறுதிமொழியை வைத்தே பெரும்பாலும் தயாராகிறது என்பதால், கட்டிக்கொடுத்த பெண்களின் பெயர் விடுபடுவது சர்வசாதாரணம். பக்கத்து வீடுகளில் பேசினாலே எத்தனை பிள்ளைகள் என்பது தெரிந்துவிடும். பங்கிலிருந்து விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள் வரை ஒரு வாரிசு பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். நீங்கள் குடியேறி, பெயின்ட் அடித்து, இரண்டு தீபாவளி கொண்டாடிய பிறகும் சம்மன் வரலாம்.

இதற்குச் சரியான வழி, தங்கைகள், அம்மா உட்பட எல்லா வாரிசுகளையும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகவே சேர்ப்பது. 'சம்மத சாட்சி' என்று ஓரத்தில் கையெழுத்து வாங்குவது போதாது. அவரவர் பங்குத் தொகை அவரவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும். பணம் பெற்றவர் பிறகு ஏமாற்றப்பட்டேன் என்று சொல்ல இடமிருக்காது. அண்ணன் தம்பியின் வயதுவந்த பிள்ளைகளையும் சேர்ப்பது நல்லது. மைனர் பங்கு இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் ஓர் அடி கூட நகராதீர்கள். யாராவது வெளியூரில் இருக்கிறார், ஜிபிஏ (பொது அதிகாரப் பத்திரம்) கொடுத்திருக்கிறார் என்றால், அந்தப் பத்திரம் பதிவானதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். 'வீட்டையே ஜிபிஏ-வில் எழுதித் தருகிறோம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி வாங்குவதில் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி கிராமத்தாணா. தமிழ்நாட்டில் கிராம நத்தம் என்பதற்கு ஏறக்குறைய இணையானது. பழைய சர்வேயில் குடியிருப்புக்கென்று ஒதுக்கி, விவசாய சர்வே நம்பர் கொடுக்காமல் விட்ட பகுதி. அதனால் ஆர்டிசி (விவசாய நிலத்துக்கான பதிவேடு) கிடையாது, கன்வர்ஷனும் தேவையில்லை. புரோக்கர் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் எல்லையை ஒட்டியுள்ள விவசாய நிலத்தைத் துண்டு போட்டு, அதையும் கிராமத்தாணா என்று விற்பது இந்தப் பக்கம் அதிகம். கோயில் தெரு என்ற ஒரே காரணத்தால் நம்பிவிட வேண்டாம். மனையில் நின்றுகொண்டு, நிற்கும் இடத்தின் சர்வே நம்பரைக் காட்டும் திஷாங்க் செயலியைத் திறந்து பாருங்கள். சர்வே நம்பர் ஏதாவது காட்டினால், அந்த நம்பருக்கு அரசின் 'பூமி' நிலப் பதிவுத் தளத்தில் ஆர்டிசி எடுத்து யார் பெயரில் இருக்கிறது, கன்வர்ஷன் ஆனதா என்று பார்க்க வேண்டும். செயலி சில மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும் என்பதால் அதுவே முடிவல்ல. கிராம நக்ஷாவில் (வரைபடத்தில்) கிராமத்தாணா எல்லை வரைந்திருக்கும். தாலுக்கா சர்வே அலுவலகத்தில் அதை வாங்கி, சர்வேயரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

'பாரம் 11 இருக்கிறது' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. 11ஏ-யா, 11பி-யா? முறையான சொத்துக்கு, பஞ்சாயத்துச் சொத்துப் பதிவுத் தளமான இ-ஸ்வத்துவில் வருவது பாரம் 9-ம் 11ஏ-யும். 11பி என்றால் பஞ்சாயத்து வரி வாங்குகிறது, அவ்வளவுதான், முறைப்படாத சொத்து. வங்கிக் கடனும் பிளான் அனுமதியும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கையால் எழுதிய பழைய காத்தா (சொத்துவரிப் பதிவு) நகலை வைத்துப் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2024 அக்டோபரிலிருந்து மின்-காத்தா இல்லாமல் பதிவே நடக்காது. பாரம் 9-ல் உள்ள அளவும், கூடவே வரும் சர்வே ஸ்கெட்சும், நீங்கள் டேப் பிடித்து அளந்ததும் ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று: பொம்மசந்திரா, ஹெப்பகோடி, சந்தாபுரா, அத்திபெலே சுற்றுவட்டாரத்தில் பல ஊர்கள் பஞ்சாயத்திலிருந்து நகரசபைக்கோ புரசபைக்கோ மாறிவிட்டன. அப்படி மாறியிருந்தால் இ-ஸ்வத்து செல்லாது, அந்த அமைப்பின் மின்-காத்தாதான் வேண்டும். எந்தக் காத்தாவும் உரிமைப் பத்திரம் ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள்.

கோயிலை ஒட்டிய வீடு என்பதால் கூடுதலாக ஒரு கேள்வி: மனை கோயிலுக்குச் சொந்தமானதா? முஸ்ராய் (அறநிலையத் துறை) இடத்தில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் வரி ரசீதை வைத்து விற்றுவிடுவதுண்டு. அரசு ஏழைகளுக்குக் கொடுத்த ஆஷ்ரய மனையாக இருந்தால், ஹக்குப் பத்திரத்தில் (உரிமைச் சான்றில்) விற்பனைத் தடை எழுதியிருக்கும். தலித், பழங்குடி மக்களுக்கு அரசு வழங்கிய நிலம் என்றால் 1978-ம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. 2023 திருத்தத்துக்குப் பின் காலதாமதத்தைக் காரணம் காட்டி அதிலிருந்து தப்பவும் முடியாது. அப்படிப்பட்ட நிலத்தைக் குறுக்கு வழியில் வாங்குவது நியாயமும் இல்லை.

ஈசி-யை (வில்லங்கச் சான்றிதழை) பொறுத்தவரை, பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் 2004 ஏப்ரலுக்குப் பிந்தையதுதான் கிடைக்கும். முந்தையதைச் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் தேடி வாங்க வேண்டும். 30 வருடத்துக்குக் குறையாமல் எடுங்கள். ஈசி-யில் தெரியாத விஷயங்களும் உண்டு. வீட்டில் யாராவது லீசுக்கு (போக்கியத்துக்கு) இருக்கிறார்களா? பதிவாகாத லீஸ் என்றால் ஈசி சுத்தமாகவே வரும். ஆனால் லீஸ் பணத்தைத் திருப்பித் தராமல் அவர்கள் காலி செய்ய மாட்டார்கள். ஆனேக்கல் நீதிமன்ற வழக்குகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர்கள், தங்கைகள், அப்பா எல்லோர் பெயரிலும் எழுத்து மாற்றி மாற்றித் தேடுங்கள். ஆவணங்கள் அத்தனையும் கன்னடத்தில் இருக்கும். சரளமாக வாசிக்கத் தெரியாவிட்டால், புரோக்கர் காட்டும் ஆளைத் தவிர்த்து நீங்களே ஒரு வழக்கறிஞரைத் தேடிக்கொள்ளுங்கள்.

30 லட்சம் ரொக்கம் வேண்டவே வேண்டாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்கிறது வருமான வரிச் சட்டம். உங்களுக்கு வரும் நஷ்டம் வேறு. பத்திரத்தில் 52 என்றிருந்தால் வங்கி அதை வைத்துத்தான் கடன் தரும். நாளை நீங்கள் ஒரு கோடிக்கு விற்றால் லாபம் 18 லட்சம் அல்ல, 48 லட்சம் என்று கணக்காகி அதற்கு வரி கட்டுவீர்கள். பேரம் முறிந்தால் 30 லட்சத்துக்கு எந்தச் சாட்சியும் இருக்காது. முழு விலைக்குப் பதிந்தால், பஞ்சாயத்துப் பகுதியில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன்மேல் செஸ், சர்சார்ஜ் சேர்த்து 5.65. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம். மொத்தம் 7.65 சதவீதம், 82 லட்சத்துக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 27 ஆயிரம். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதம், அதாவது 82,000 ரூபாயை விற்பவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் பிடித்து, அவரவர் பான் எண்ணில் நீங்கள் கட்ட வேண்டும். பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மழை பெய்த மறுநாள் போங்கள். ஓட்டுச் சட்டங்களில் கரையான், மண்சுவரின் அடியில் ஏறும் ஈரம், பக்கத்து வீட்டுத் தாழ்வாரத் தண்ணீர் உங்கள் மனையில் விழுவது எல்லாம் அன்று தெரியும். பக்கச் சுவர் பொதுச்சுவரா என்று கேளுங்கள். ஒன்றரை அடி கனச் சுவரில் எல்லை நடுவிலா, வெளிப்புறத்திலா என்பது சக்குபந்தியில் (நான்கெல்லை விவரத்தில்) எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 30 அடி அகலத்தில் முக்கால் அடி சர்ச்சையாகிவிடும். இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே ஓர் இன்ஜினியரிடம் பேசுங்கள். பழைய வீடு மனை முழுக்க நிற்கலாம். புதிய பிளானுக்கு நாலு பக்கமும் இடம் விடச் சொல்வார்கள். தெருவை அதன் மிகக் குறுகிய முனையில் அளந்து பாருங்கள். 12 அடி என்றால் எதிரெதிராக இரண்டு கார் போகாது, ரெடிமிக்ஸ் வண்டி உள்ளே வராது. மணலும் ஜல்லியும் முனையில் இறக்கி, சிறு வண்டியில் ஏற்றி வருவதற்குத் தனிச் செலவு.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயம். பழைய ஊர் நடுவில் தலைமுறைகளாகக் கழிப்பறைக் குழிகள் இருந்திருக்கும். அதன் கசிவு நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேரும். நிறமில்லை, வாசனை இல்லை, காய்ச்சினாலும் போகாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. போர்வெல் தண்ணீரையும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஃபுளோரைடு 1-க்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. ஈ.கோலை இருக்கவே கூடாது. 2024-ல் வந்த காவிரி ஐந்தாம் கட்டத்தைச் சொல்லி யாராவது ஆசை காட்டினால், அது மாநகராட்சியோடு முன்பே சேர்ந்த 110 கிராமங்களுக்கானது என்று சொல்லுங்கள். செப்டிக் டேங்க் எங்கே, உறிஞ்சும் வண்டியின் குழாய் தெருவிலிருந்து அதுவரை எட்டுமா என்றும் பாருங்கள்.

அந்த அமைதியை நீங்கள் விரும்புவது புரிகிறது. அதைச் சோதித்தும் பாருங்கள்: சந்தை நாளில் ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை. பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியபின் இந்தப் பக்கம் நெருக்கம் கூடும். ஊரைச் சுற்றியுள்ள வயல்கள் தொழிற்பேட்டைக்கோ ரிங் ரோட்டுக்கோ போகின்றனவா என்பது ஈசி-யில் வராது. கேஐஏடிபி (கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம்) கையகப்படுத்தும்போது பிரிவு 28(1)-ன்படி முதல் அறிவிப்பு, 28(4)-ன்படி இறுதி அறிவிப்பு. சுற்றியுள்ள சர்வே நம்பர்களை வைத்து அவர்கள் அலுவலகத்தில் கேட்டால் தெரியும். ஊர்க் குடியிருப்பை அவர்கள் விட்டுவிட்டாலும், வாசலுக்கு எதிரே வரப்போகும் கிடங்கு உங்கள் தெருவின் சத்தத்தை மாற்றிவிடும்.

இவர்களிடம் இப்போது சொல்லவேண்டியது இதுதான்: 'அம்மா, தங்கைகள் எல்லோரையும் ஒருநாள் நேரில் பார்க்கிறோம். அசல் ஆவணங்களைக் காட்டுங்கள். நகல் கொடுத்தால் வக்கீலிடம் காட்டிவிட்டு, எல்லோரும் சேர்ந்து அக்ரிமென்ட் போடுவோம். அன்றைக்கு முன்பணம் காசோலையில்.' அக்ரிமென்டில் 90 நாள் அவகாசமும், வாரிசு யாராவது ஆட்சேபித்தால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்ற நிபந்தனையும் இருக்கட்டும். இடையில் வழக்கறிஞர் ஒரு கன்னட நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுக்கட்டும். தங்கைகள் அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் விற்பனையைத் தெரிந்துகொள்கிறார்கள் என்ற நிலை இருந்தால், அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த ஊரில் தேடுங்கள்.