மொட்டை மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் வீட்டில் சூடு உண்மையிலேயே குறையுமா? எப்படி அடிப்பது?

குறையும். ஆனால் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறைகளில் மட்டும்தான். இரண்டு மாடிக்குக் கீழே குடியிருப்பவர் இதற்குக் காசு போட வேண்டியதில்லை.

அழுக்கேறிய பழைய கான்கிரீட் தளம், விழும் வெயிலில் முக்கால் பங்கைக் குடித்துவிடும். நல்ல வெள்ளைக் கோட்டிங் புதிதில் ஐந்தில் ஒரு பங்குதான் குடிக்கும். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் விழுகிறது என்றால், 500 வாட்டுக்குக் குறையாமல் மிச்சம். பகலில் குடித்த சூட்டைத் தளம் ராத்திரியில் கீழே இறக்கும். பத்து மணிக்கும் ஃபேன் அனலாக வீசுவது அதனால்தான்.

டப்பாவில் 'எஸ்.ஆர்.ஐ.' (SRI) எண்ணைப் பாருங்கள். வெயிலைத் திருப்புவதையும் ஏறிய சூட்டை வெளியே விடுவதையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கட்டும். சில்வர் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டை எளிதில் வெளியே விடாது.

வேலையில் முக்கால்வாசி, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டிக் கழுவுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். வாட்டம் சரியில்லாத அந்த இடத்தில்தான் கோட்டிங் முதலில் கொப்பளித்து உரியும். அதை முதலில் சரிசெய்து, வெடிப்புகளையும் அடையுங்கள். தளம் காய்ந்ததும் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் நீர் முத்து கோத்திருந்தால் உள்ளே ஓதம் இருக்கிறது. இன்னும் சில நாள் காயட்டும்.

பிரைமர் ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட். இரண்டாவதை முதலாவதுக்குக் குறுக்காக இழுங்கள். சொரசொரப்பான தளத்தில் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடி வரும். 800 சதுர அடிக்கு 20 லிட்டர் வாளி இரண்டு வாங்கிவிடுங்கள். தண்ணீர் அதிகம் கலந்து இழுத்தால் பெயின்ட் மிச்சமாகும், ஆனால் படலம் மெலிந்துவிடும். காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். சுடும் தளத்தில் அடித்தால் மேல்பரப்பு மட்டும் சீக்கிரம் காய்ந்து, ஊசித்துளை விழும்.

கையில் காசு குறைவென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு கை அடித்தாலும் அந்தக் கோடைக்குப் போதும். மழையில் கரையும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும்.

எந்தப் பெயின்ட்டும் தூசி படிந்தால் மங்கும். மார்ச் தொடக்கத்தில் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். ஈரத்தில் வழுக்கும் என்பதால், படியிலிருந்து துணிக்கொடி வரை நடக்கும் தடத்தில் மட்டும், கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிடுங்கள்.