பல வருடம் பரணில் கிடந்த பழைய பேஸ் கிட்டாரைச் சரிசெய்து வாசிக்க முடியுமா? இன்னும் சில பழசு வாங்கிச் சேர்க்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேட்டவர் சொன்ன விவரம் இது: ராயபுரம் வீடு. மெல்லிசைக் குழுவில் வாசித்த மாமாவின் ஜப்பான் பேஸ். கம்பியெல்லாம் துரு, நெக் கொஞ்சம் வளைந்த மாதிரி தெரிகிறது, ஆம்ப்பில் செருகினால் சத்தம் மெலிசாக, கரகரவென்று வருகிறது.

பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பழைய பேஸில் இரண்டு உறுப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: நெக் (விரல் வைத்து அழுத்தும் நீளக் கழுத்து), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் கம்பிச் சுருளும்). வால்யூம் கண்ட்ரோல், ஜாக், டியூனிங் கீ, பாடியில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் இதெல்லாம் கடையில் கிடைக்கும். அந்தக் காலத்து நெக்கும் பிக்கப்பும் கிடைக்காது. அதனால் பாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதில் ஆரம்பிக்காதீர்கள். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பெயர் எழுதிய கவரில் போட்டு வையுங்கள். ஒயரைத் தொடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நெக்கிலிருந்து வருவோம். பிரிட்ஜ் பக்கம் கண்ணை வைத்து தலைப்பக்கம் பாருங்கள். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கியிருக்கிறது. அது பெரிய வேலை. வாங்கப் போன இடத்தில் முறுக்கு தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். முன்பக்கமாக வில் போல வளைந்திருப்பது வேறு விஷயம், அது நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடில் சரியாகும்.

ஆனால் கம்பி இல்லாமலோ, தொய்ந்த கம்பியோடோ வளைவை அளக்காதீர்கள். 45-105 செட் (0.045-லிருந்து 0.105 அங்குலத் தடிமன் கம்பிகள்) ஒன்று முழு சுருதியில் நெக்கை 70-லிருந்து 80 கிலோ அளவுக்கு இழுக்கிறது. புதுக் கம்பி போட்டு, ஒரே மூச்சில் ஏற்றாமல் படிப்படியாகச் சுருதிக்குக் கொண்டுவந்து, ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு ஈ கம்பியை (இருப்பதிலேயே தடித்தது) முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, 7 அல்லது 8-வது ஃப்ரெட்டின் மேல் இருக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். 0.3-லிருந்து 0.4 மி.மீ. இருந்தால் போதும். பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்குக் கச்சிதமான கருவி.

இடைவெளி அதிகமென்றால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு டிரஸ் ராட் நட்டை வலப்பக்கம் கால் சுற்று திருப்புங்கள். மறுபடி சுருதி ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டு அளங்கள். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஆலன் கீ சரியான அளவாக இருக்க வேண்டும்: ஜப்பான் நெக்குகளில் பொதுவாக 4 அல்லது 5 மி.மீ., அமெரிக்க நெக் பலவற்றில் 3/16 அங்குலம். 3/16 என்பது 4.76 மி.மீ. அதில் 5 மி.மீ. கீ நுழையாது. 4.5 போட்டால் உள்ளே ஆடி, மூலைகளை வழித்துவிடும். வழிந்துபோன நட்டை வெளியே எடுப்பது நெக்கை அறுக்கும் வேலையில் கொண்டுபோய் விடும். பழைய ஃபெண்டர் (அமெரிக்க நிறுவனம்) நெக்குகளில் நட்டு பாடிக்குள் மறைந்திருக்கும், ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்றித்தான் திருப்ப முடியும். நட்டு அசையவில்லையா? பலம் போடாதீர்கள். முதலில் இடப்பக்கம் தளர்த்தி முழுசாகக் கழற்றி, மரையில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டுங்கள். நட்டு மரையின் கடைசிவரை போயும் வளைவு நிமிரவில்லை என்றால் அடியில் ஒரு வாஷர் சேர்த்தால் மீண்டும் இடம் கிடைக்கும்.

துருப்பிடித்த நெக் ஸ்க்ரூவுக்கு ஆயில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, மரம் எண்ணெயைக் குடித்துக் கறையாகிவிடும். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவின் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். ஆறியதும் சரியான ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தித் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். நெக் பக்கத்து ஓட்டை தளர்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றினால் தீக்குச்சி திணிக்கிற பழக்கம் நம்மூரில் உண்டு. அது நிற்காது. ஓட்டையைச் சுத்தமாகத் துளைத்து, தேக்கு மாதிரி கெட்டி மரத்தில் குச்சி சீவி, பசை போட்டு இறக்கி, ஒரு நாள் காய்ந்ததும் 3 மி.மீ. பிட்டில் புதிதாகத் துளையுங்கள். பாடிப் பக்கத்து ஓட்டையில் ஸ்க்ரூ தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். அங்கேயும் மரை பிடித்தால் நெக் ஒருபோதும் இறுகி உட்காராது. தலைப்பக்கம் விரிசல் இருந்தால் சாதாரண வெள்ளை ஃபெவிகாலை நம்பாதீர்கள். நாள்பட்ட இழுவையில் அந்தப் பசை மெதுவாக நகர்ந்து கொடுக்கும். பழைய தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் (தோல் பசை) இந்த வேலைக்கு நல்லது. பின்னால் சூடு காட்டிப் பிரிக்கவும் முடியும்.

இனி சத்தம். மெலிசாக, தகரம் தட்டுகிற மாதிரி வந்தால் பிக்கப்பின் காயில், அதாவது உள்ளே சுற்றிய மெல்லிய கம்பிச் சுருள், அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, பிக்கப் ஒயரை கண்ட்ரோலிலிருந்து பிரித்துவிட்டு அளங்கள். பிரிக்காமல் அளந்தால் கண்ட்ரோலின் எதிர்ப்பும் சேர்ந்து ஏமாற்றும். ஃபெண்டரின் இரண்டு பேஸ் மாடல்களில் பிரசிஷன் வகைக்கு 10-11, ஜாஸ் வகைக்கு 7-8 காட்டினால் ஆரோக்கியம். ஜப்பான் பிக்கப்களில் எண் வேறாக இருக்கும், ஆனால் ஏதாவது ஒரு நிலையான எண் காட்ட வேண்டும். மீட்டர் ‘OL’ என்றோ இடது ஓரத்தில் வெறும் ‘1’ என்றோ காட்டினால் காயில் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பிக்கப் சாவதற்கு முக்கியக் காரணம் கடல் காற்றின் உப்பு. பழைய ஃபெண்டர் பாணி பிக்கப்பில் காந்தத் துண்டுகளின் மேலேயே காயில் சுற்றியிருப்பார்கள், நடுவில் மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும்தான். காந்தம் துருவேறினால் அந்தத் துரு கம்பியின் எனாமலை அரித்து உள்சுற்றை அறுத்துவிடும். காயில் கம்பியின் தடிமனே 0.063 மி.மீ.தான். அதனால் காந்தத் தலையில் துரு தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், இரும்புத்தூள் காயிலுக்குள் இறங்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மேலே மட்டும் மெல்லிசாக மெழுகு பூசினால் போதும்.

அறுந்த இடம் வெளிச்சுற்றிலோ ஈயம் வைத்த முனையிலோ இருந்தால் அதிர்ஷ்டம். சில சுற்றுகளைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, மறுபடி ஈயம் வைத்தால் உயிர் வரும், சத்தத்தில் வித்தியாசமே தெரியாது. உள்சுற்று போயிருந்தால் முழுசாகத் திரும்பச் சுற்ற வேண்டும். பிரசிஷன் பிக்கப்பில் ஒவ்வொரு காயிலுக்கும் சுமார் 10,000 சுற்று. ஃபேன், மோட்டார் காயில் கட்டும் கடையில் இதைக் கொடுக்காதீர்கள். சீலிங் ஃபேனுக்கு அவர்கள் போடும் கம்பி இதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். பிக்கப் சுற்றுவதையே தொழிலாகச் செய்பவரிடம்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் காந்தத்தின் திசையைக் காம்பஸ் வைத்துப் பார்த்து எழுதிவிடுங்கள். சுற்றும் திசையும் காந்தத் திசையும் பழையபடி இல்லாவிட்டால் பிரசிஷனில் ஹம்மிங் இரைச்சல் அடங்காமல் போகலாம், ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப்பும் ஒன்றையொன்று அடித்து சத்தத்தை மெலிதாக்கிவிடலாம்.

கரகரப்பு பெரும்பாலும் வால்யூம் கண்ட்ரோல் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சி, குமிழை இருபது முப்பது தடவை திருப்புங்கள். போகவில்லை என்றால்தான் மாற்ற வேண்டும். சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் வாங்கும்போது 250 கிலோ ஓம், ‘ஏ’ எழுத்து போட்ட லாக் வகை கேளுங்கள். ‘பி’ போட்டது லீனியர், திருப்பின உடனே சத்தம் எகிறிவிடும். 220 கிலோ ஓம் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம், காதுக்கு வித்தியாசம் தெரியாது. டோன் கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோ ஃபாரட். அதன் மேல் 473 என்று அச்சிட்டிருக்கும். பெரிய கண்ட்ரோலின் கழுத்துக்கு 9.5 மி.மீ. ஓட்டை வேண்டும், ஜப்பான் பழசு பலவற்றில் ஓட்டை சின்னது. ஓட்டையைப் பெரிதாக்காமல், அதற்குப் பொருந்தும் சின்ன கண்ட்ரோலைத் தேடி வாங்குங்கள். கண்ட்ரோலின் முதுகில் ஈயம் வைக்க 25 வாட் அயர்ன் போதாது. சூடு ஏற நேரமாகி உள்ளே கரித்தடம் கெடும். 60 வாட்டில் சட்டென்று வைத்து எடுப்பதே பாதுகாப்பு.

கம்பியைத் தொட்டதும் ஹம்மிங் அடங்கினால் அது இயல்பு. தொட்டதும் அதிகமானால் ஜாக்கில் இரண்டு ஒயரும் மாறியிருக்கிறது. தொட்டாலும் விட்டாலும் ஒரே இரைச்சல் என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயர் துருவில் விட்டுப்போயிருக்கும், பிரிட்ஜைத் தூக்கி, சுரண்டி, புது ஒயரை நசுக்கி வையுங்கள்.

அந்த எர்த் ஒயர் வழியாகத்தான் உங்கள் விரல் ஆம்ப்பின் உடம்போடு இணைகிறது. வீட்டிலோ திருவிழா மேடையிலோ பிளக்கின் மூன்றாவது பின் உண்மையில் எர்த் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் வாசிக்காதீர்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேஸ் கம்பியில், மறுமுனை மைக் வலையில். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டுவிடுவது உயிருக்குக் காப்பு. பழைய பேஸ் சேர்ப்பவர்கள் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

செட்டப் வரிசை மாறக் கூடாது: முதலில் நெக் வளைவு, பிறகு பிரிட்ஜில் கம்பி உயரம், கடைசியில் இன்டொனேஷன் (நெக் முழுக்க சுருதி சரியாக ஒலிப்பது). 12-வது ஃப்ரெட்டில் கம்பி 2-லிருந்து 2.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் நம் கைக்கு வசதி. அதே ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கைவிட (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரம் ஏறி ஒலித்தால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகில் ஏற்றினால் காந்தம் ஈ கம்பியை இழுத்து சுருதி அலையும், கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி 3 மி.மீ. விடுங்கள். பிக்கப் மேலே ஏறவே மறுத்தால் அடியிலுள்ள பழைய ஸ்பாஞ்ச் பொடியாகியிருக்கும். புது ஸ்பாஞ்ச் வெட்டி வையுங்கள். கம்பி வாங்கும் முன், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டையான நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 34 அங்குலம் வந்தால் சாதாரண செட், 30 வந்தால் ஷார்ட் ஸ்கேல் செட். நீள செட்டை ஷார்ட் ஸ்கேலில் மாட்டினால் ஈ கம்பியின் தடித்த பகுதி டியூனிங் கீயில் சுற்றி முறியும். கம்பியை வெட்டும் முன் வெட்டுமிடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மேல்சுற்று தளர்ந்து ஒலி மந்தமாகிவிடும்.

சேர்ப்பதற்கு வடசென்னை நல்ல இடம். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், கலைந்துபோன மெல்லிசைக் குழுக்கள் என்று பல பக்கமிருந்தும் பழசு வெளியே வரும். தலையில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். நெக் கழற்றிப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள், அடிமுனையில் தேதி இருக்கலாம். கண்ட்ரோல் முதுகில் ஏழு இலக்கம் இருந்தால் முதல் மூன்று தயாரிப்பாளர், அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். 1377025 என்றால் சிடிஎஸ் நிறுவனம், 1970, 25-வது வாரம். அது அந்த பாகத்தின் தேதிதான், பேஸ் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. இடையில் யாராவது பாகம் மாற்றியிருந்தால் அதுவும் இல்லை. பிரசிஷன் 1951-ல் வந்தது, இரண்டாகப் பிளந்த பிக்கப் 1957-லிருந்துதான். ஜாஸ் பேஸ் 1960. இந்த மூன்று வருடத்தையும் மனதில் வைத்தாலே பாதிக் கதைகள் அங்கேயே உடைந்துவிடும். ஜப்பானில் செய்த ஃபெண்டர் 1982-ல்தான் தொடங்கியது. ஜேவி என்று ஆரம்பிக்கும் வரிசை எண் அந்தத் தொடக்க காலத்தது, கண்ணில் பட்டால் அவசரப்படாமல், விடாமல் பேசுங்கள்.

எந்தப் பழசையும் மறுபடி பெயிண்ட் அடிக்காதீர்கள், புது ஓட்டை போடாதீர்கள், கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். வைக்கும் இடம் பரண் அல்ல, வெயில் ஏறும் கூரைக்கு அடியில் பசை இளகும். உள்சுவர் ஓரமாக, பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அதன் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் உலர்த்திக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றாலும் கம்பியை முழுசாகத் தளர்த்த வேண்டாம், ஒரு ஸ்வரம் மட்டும் இறக்கி வையுங்கள். இழுவையே இல்லாவிட்டால் டிரஸ் ராட் நெக்கைப் பின்பக்கம் வளைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் வளைவை ஒருமுறை அளந்து பாருங்கள், ஈரத்தில் நெக் நகர்ந்திருக்கும்.