குடு வேண்டுமா, ஏழு தலைகள் வேண்டுமா?

கேள்வி: ஹூஸ்டன் அருகே வசிக்கிறேன். ஏழெட்டு வருடமாக டெக்சாஸில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். அடுத்த ஆண்டு முதல்முறையாகத் தென்னாப்பிரிக்கா போக ஆசை. ஒரு முகவர் லிம்போபோ மாகாணத்தில் ‘ஏழு நாள், ஏழு மிருகம், 7,500 டாலர்’ என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார். திருகுக் கொம்புள்ள பெரிய மானான குடு, வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி, பிறகு இம்பாலா, நீல வில்டபீஸ்ட், ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக், கடைசியாக ‘ப்ளெஸ்பாக் அல்லது பான்டிபாக்’ என்று மான் வகைகள். இதுபோக இன்னும் 30 இனங்களுக்கு விலைப்பட்டியல் தந்திருக்கிறார். விமானக் கட்டணம் தவிர்த்து என்னிடம் 9,000 டாலர் இருக்கிறது. உண்மையில் குடு மீதுதான் எனக்கு ஆசை. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியிலேயே பதில் இருக்கிறது. குடு. அதை முதலில் எழுதிவிட்டு மற்ற ஆறையும் அடித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம்.

காரணம் சொல்கிறேன். நன்கு முதிர்ந்த ஒரு குடு காளையைப் புதர்க்காட்டில் நடந்து தேடிப் பிடிக்க மூன்று நான்கு நாள் ஆகும். சில நேரம் ஆறு நாளும் போகும். ஏழு நாளில் ஏழு மிருகம் என்றால் நாளுக்கு ஒன்று. அப்படிக் கணக்குப் போட்டு ஓடும் முகாமில் முதல் நாள் இம்பாலா, மறுநாள் வில்டபீஸ்ட், அதற்கடுத்த நாள் லாரியில் மூன்று மணி நேரம் போய் ஸ்பிரிங்பாக் என்று சுலபமானவை முன்னால் வரும். குடு கடைசிக்குத் தள்ளப்படும். ஆறாம் நாள் சாயங்காலம் ஒரு இளங்காளை எதிரே நிற்கும். ‘இதுதான் கிடைத்தது, சுடுங்கள்’ என்பார்கள். நீங்களும் சுடுவீர்கள், பணம் ஏற்கெனவே கட்டியாயிற்றே.

அந்த ஏழும் ஒரே மண்ணில் பிறந்தவையும் அல்ல. குடு, இம்பாலா, வார்ட்ஹாக், நீல வில்டபீஸ்ட் நான்கும் லிம்போபோவின் முள்புதர்க் காட்டுக்குச் சொந்தம். ஸ்பிரிங்பாக் கரூ, கலஹாரி பக்கத்து வறண்ட திறந்தவெளி மிருகம். உண்ணிகள் மலிந்த புதர்க்காட்டில் அதைக் கொண்டுவந்து விட்டால் உண்ணி பரப்பும் ஹார்ட்வாட்டர் நோயில் செத்துப்போகும். ப்ளெஸ்பாக் உயர்நிலப் புல்வெளிக்கு உரியது. ஜெம்ஸ்பாக்கை லிம்போபோவின் வேட்டைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதன் சொந்த வீடு நமீபியாவும் கலஹாரியும். ஒரே பண்ணையின் பட்டியலில் 37 இனங்கள் இருந்தால் மூன்றில் ஒன்று நடக்கிறது என்று அர்த்தம்: உங்களைப் பக்கத்து மாவட்டத்துக்கு ஓட்டிச்சென்று கிலோமீட்டருக்குக் காசு வாங்குவார்கள், அல்லது ஏலத்தில் வாங்கிய மிருகத்தை நீங்கள் வருவதற்குச் சில நாள் முன்பு இறக்கிவிடுவார்கள், அல்லது ‘இந்த வருடம் அது இல்லை, அதற்குப் பதில் இது’ என்பார்கள்.

இரண்டாவதுதான் மோசம். புதிதாக இறக்கிய மிருகத்துக்குத் தண்ணீர் எங்கே, மறைவு எங்கே என்று தெரியாது. வேலியோரமாகவே சுற்றிச்சுற்றி நடக்கும். காதில் அடையாள வில்லை மாட்டிய துளை தெரிந்தால் எப்படி வந்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள். வேலி இருப்பது மட்டும் குற்றம் அல்ல. 1991-ஆம் ஆண்டின் வேட்டை விலங்குத் திருட்டுச் சட்டப்படி, போதுமான வேலி போட்டுச் சான்று வாங்கிய பண்ணையாருக்கே அதனுள் இருக்கும் மிருகங்கள் சொந்தம். வேலி தாண்டிப் போனாலும் உரிமை போகாது. அதனால் வேலி எங்கும் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை ஹெக்டேர், அதில் எத்தனை குடு, அவை அங்கேயே பிறந்தவையா?

இப்போது விலையைப் பாருங்கள். தனித்தனியாகக் கூட்டினால் நாள் வாடகை 400 வீதம் 2,800. குடு சுமார் 2,500, வில்டபீஸ்ட் 1,100, ஜெம்ஸ்பாக் 1,150, இம்பாலா 450, வார்ட்ஹாக் 400, ஸ்பிரிங்பாக் 450, ப்ளெஸ்பாக் 500. மொத்தம் 9,350 டாலர். தரகர் 7,500 சொல்கிறார். அவருடைய கமிஷனும் அதற்குள்ளேதான். மீதி எங்கிருந்து வருகிறது? ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் படியுங்கள். ‘குடு 50 அங்குலம் வரை’ என்று இருக்கக் கூடும். அதற்கு மேல் ஒரு விலை, 55-ஐத் தாண்டினால் வேறு விலை. கொம்பை அளப்பது மிருகம் விழுந்த பிறகு. தோட்டா பாய்ந்த பிறகு பேரம் பேச முடியாது. இந்த அங்குலக் கணக்கை ஒத்துக்கொள்ளவே வேண்டாம். ‘முதிர்ந்த காளை, ஒரே விலை’ என்று எழுதி வாங்குங்கள். இன்னொன்று, பேக்கேஜில் ஒரு மிருகத்தைச் சுடாமல் விட்டாலும் அதற்கான பணம் பொதுவாகத் திரும்பாது. அதனால்தான் ஆட்கள் வேண்டாத மிருகத்தையெல்லாம் கடைசி நாளில் சுட்டுத் தள்ளுகிறார்கள். சுட்டுக் காயம்பட்டுத் தப்பினாலும் முழு விலை. ஒரு சொட்டு ரத்தம் போதும்.

ஆக, என் யோசனை: குடு முதலில். கூடவே இம்பாலாவும் வார்ட்ஹாக்கும். இவை குடு தேடும் அதே பாதையில், அதே தண்ணீர்த் துறையில் எதிர்ப்படுபவை. தனியாக நாள் ஒதுக்க வேண்டாம். நான்காவதாக வில்டபீஸ்ட் அல்லது வரிக்குதிரை, கையில் பணமும் நாளும் மிஞ்சினால் மட்டும். வில்டபீஸ்ட் சேர்த்து நாள் வாடகையுடன் 7,250 வருகிறது. மிச்சம் 1,750. அது உபரி என்று நினைக்காதீர்கள். வழிகாட்டிக்கும் தடம் பார்ப்பவருக்கும் சமையல் ஆட்களுக்கும் அன்பளிப்பு, விமான நிலையத்திலிருந்து போக்குவரத்து, தோலையும் கொம்பையும் மருந்தில் முக்கிப் பெட்டி கட்டும் வேலை, பிறகு ஹூஸ்டன் வரை சரக்குக் கூலி என்று கரைந்துவிடும். அதற்கப்புறம் அமெரிக்காவில் தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டும் செலவு தனி. ஒரு இம்பாலா தலைக்கு அந்தக் கூலி, இம்பாலாவின் விலையைவிடக் கூடுதல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தொழிலுக்கே சொன்ன மாதிரி. குடுவை மட்டும் தோளோடு பாடம் செய்யுங்கள். மற்றவற்றில் வெந்து வெளுத்த மண்டையோடும் கொம்பும் போதும்.

வரிக்குதிரை கேட்டால் ஒரு வார்த்தை: விரிப்புக்குத்தான் தோல் என்றால் பெட்டையின் தோலே நல்லது. ஆண் குதிரைகள் கடித்தும் உதைத்தும் தோலெல்லாம் தழும்பாக இருக்கும்.

தங்க நிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா, வெள்ளை ஸ்பிரிங்பாக் என்று பட்டியலின் அடியில் பெரிய விலையில் சில இருக்குமே, அவற்றைப் பார்க்கவே வேண்டாம். தனி இனம் எதுவும் இல்லை, நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. ஒரு காலத்தில் ஏலத்தில் லட்சக்கணக்கான ராண்டுக்குப் போனவை. சந்தை சரிந்ததும் வளர்த்தவர்கள் தலையில் நின்றுவிட்டன. இப்போது உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

குடுவை எப்போது தேடுவது? ஜூன், ஜூலை. கிடாக்கள் பெட்டைகளைத் தேடி வெளியே வரும் இணைசேரும் காலம் மே முதல் ஜூலை வரை. மற்ற மாதங்களில் முதிர்ந்த காளை தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ அடர்ந்த புதருக்குள் அடங்கிக் கிடக்கும். ஆகஸ்டில் இலை உதிர்ந்து தூரம் தெரியும், அது வேறு நன்மை. ஏப்ரலில் விலை குறைவு என்று கூப்பிட்டால் போகாதீர்கள், இலைச் சுவருக்கு முன்னால் நிற்பீர்கள்.

முதிர்ந்ததா என்று பார்க்கும் இடம் கொம்பு நுனி. ஆறு வயதுக்கு அருகில் இரண்டரைத் திருகு முடிந்திருக்கும். நுனி வெளிப்பக்கம் விரிந்து, தந்த நிறத்தில் வெளுத்திருக்கும். நுனி இன்னும் உள்நோக்கி வளைந்திருந்தால் இரண்டு வருடம் விட்டுவையுங்கள். வேட்டைக் கொம்புகளின் அளவைப் பதியும் ரோலண்ட் வார்டு பதிவேட்டில் இடம்பெறக் குறைந்தபட்சம் 53 7/8 அங்குலக் கொம்பு வேண்டும். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போனால் வேட்டை முழுவதும் நிம்மதி இருக்காது.

வெள்ளைவால் மானில் பழகிய கைக்கு இங்கே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தோளுக்குப் பின்னால் ஒரு கையளவு தள்ளிச் சுடுவீர்கள். ஆப்பிரிக்க மிருகங்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே மேலே வந்து, உடலின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். பின்னால் சுட்டால் குடல். வில்டபீஸ்ட் அப்படி அடிபட்டால் கிலோமீட்டர் கணக்கில் ஓடும், விலை முழுதாக உங்கள் கணக்கில் ஏறும். 30-06 துப்பாக்கியும் 180 கிரெய்ன் எடையில், ஈயமும் மேலுறையும் பிரியாதபடி பிணைத்த தோட்டாவும் நான்கு மிருகத்துக்கும் போதும். கிளம்புவதற்கு முன் மூன்று கால் தாங்கியில் நின்றபடி 100 மீட்டரில் நூறு தோட்டாவாவது சுட்டுப் பழகுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரே இடத்தில் துளை விழச் சுட்டது அங்கே உதவாது.

சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோக வேண்டுமா? புறப்படும் முன் அமெரிக்கச் சுங்கத்தின் 4457 படிவம், இறங்கியதும் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் 520 படிவம், கறுப்பு மையில் நிரப்பி, அதிகாரி முன்னால் கையெழுத்து. கேள்வி ஒன்றுதான், அதை நான்கு இடத்தில் கேட்பார்கள். வேட்டைக்கு ஒன்பது மாகாணமும் ஆளுக்கொரு சட்டம் வைத்திருக்கின்றன. கிழக்குக் கேப் இன்றும் 1974-ஆம் ஆண்டு ஆணையைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டியின் உரிமமும் மாகாணத்துக்கு மாகாணம் தனி. லிம்போபோ உரிமம் உள்ளவரா என்று கேட்டு எண்ணை வாங்குங்கள். முகாமில் நாளுக்கு 30 முதல் 50 டாலர் வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும். முதல் பயணத்துக்கு அதுவே நல்லது.

இனி அந்த ‘ப்ளெஸ்பாக் அல்லது பான்டிபாக்’. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அந்த ‘அல்லது’வில் உங்கள் பணம் முழுதும் சிக்கிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இனத்தின் இரு கிளைகள். ப்ளெஸ்பாக் ஏராளம், எந்தச் சிக்கலும் இல்லை. பான்டிபாக் மேற்குக் கேப்பின் தென்முனையில் மட்டும் இருந்தது. 1931-இல் அதற்கென்று தேசியப் பூங்கா தொடங்கியபோது மிஞ்சியிருந்தவை 17 மட்டுமே. அந்த 17-இலிருந்து பெருகியவைதான் இன்றிருக்கும் எல்லாம். அதனால் அமெரிக்காவின் அருகிவரும் இனங்கள் சட்டத்தின் பட்டியலில் அது இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் முறைப்படி சுட்டது என்ற காகிதம் இருந்தாலும், அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் இறக்குமதி அனுமதி இல்லாமல் ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்காது. பறிமுதல்தான். அந்த அனுமதிக்கு வேட்டைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், வந்தபின் கேட்க முடியாது. பண்ணையிலிருந்து வந்த மிருகம் கலப்பில்லாத பான்டிபாக் என்பதற்கும் ஆதாரம் கேட்கலாம். இரண்டும் கலந்தால் குட்டி போடும், குட்டியும் குட்டி போடும். பண்ணையில் நிற்பது எது என்று பண்ணையாருக்கே சில சமயம் தெரியாது. முகத்தின் வெள்ளைப் பட்டை கண்களுக்கு நடுவில் பழுப்புக் கோட்டால் வெட்டுப்பட்டால் ப்ளெஸ்பாக். வெட்டாமல் நீண்டு, பிட்டமும் கால்களும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் பான்டிபாக். இடைப்பட்டவை பற்றிக் கேட்காதீர்கள், அதற்கு மரபணுச் சோதனைதான் பதில் சொல்லும். லிம்போபோவில் ஏன் இந்தப் பெயர் பட்டியலில் வந்தது என்பது தனிக் கேள்வி. தரகர் ‘அல்லது’ போட்டதற்கு நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது.

இந்த வாரம் தரகருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குடு, இம்பாலா, வார்ட்ஹாக், விருப்பத்துக்கு வில்டபீஸ்ட், நான்குக்கும் தனித்தனி விலை. சுடாத மிருகத்துக்குப் பணம் இல்லை. வேட்டை முழுவதும் ஒரே பண்ணையில், அதன் பெயரும் ஹெக்டேரும் ஒப்பந்தத்தில். மாற்று மிருகம் என்ற வரியை அடித்து, பண்ணைக்காரரின் கையெழுத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்து வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.