மலைத் தண்ணீர் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

சியோல் போயிருந்தபோது சியோங்கேசியோன் ஓடைக்கரையில் ஒரு மாலை முழுக்க நடந்தேன். மறுநாள் வழிகாட்டி, “அது ஓடையே இல்லை, மோட்டார் போட்டு இறைக்கிற தண்ணீர்” என்றார். மனசே விட்டுப்போயிற்று. மலையிலிருந்து வருகிறது என்றல்லவா படித்திருந்தேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவர் சொன்னது உண்மைதான். ஹான் ஆற்றிலிருந்து நீரை மேலே ஏற்றி, நீங்கள் நடக்கத் தொடங்கிய சதுக்கத்தில் விடுகிறார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரும் சேருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன். அது கிழக்கே ஓடி, ஜுங்னாங் ஓடையில் கலந்து, திரும்ப ஹான் ஆற்றுக்கே போய்விடுகிறது.

சரி, மலைத் தண்ணீர்? சியோலின் இன்வாங் மலைச் சரிவில் சுசோங்தோங் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. இந்த ஓடைக்கு மலைத் தண்ணீர் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. அங்கிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துவிட்டு, 2012-ல் பாறைகளையும் பழைய கல்பாலத்தையும் மீட்டார்கள். நான் போனது மழைக்கு மறுநாள். பாறை இடுக்கில் கணுக்கால் நனையும் அளவுக்கு நீர், கண்ணாடி மாதிரி. அதன் கூடவே கொஞ்ச தூரம் இறங்கினால் சாலை வந்துவிடுகிறது. தண்ணீர் சாலைக்கு அடியில் நுழைகிறது, அவ்வளவுதான். மறுபக்கம் போய்த் தேடினேன், வீடுகளும் கடைகளும்தான் இருந்தன. புகாக் மலையிலிருந்து இறங்கும் நீருக்கும் இதே கதி.

ஆனாலும் “ஓடையே இல்லை” என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது என்றைக்குமே மனிதக் கை படாத ஓடையாக இருந்ததில்லை. கோடை மழையில் ஊருக்குள் புகும், மற்ற மாதங்களில் வற்றிக் கிடக்கும். மன்னர் தேஜோங் 1412-ல் அதை அகலப்படுத்திக் கரை கட்டினார். 1760-ல் மன்னர் யோங்ஜோ இரண்டு லட்சம் பேரை வைத்துத் தூர்வாரினார். ஊர்ச் சாக்கடையும் அதுதான். 1958-லிருந்து கான்கிரீட் போட்டு மூடி, மேலே ஒரு மேம்பாலச் சாலையும் கட்டினார்கள். 2003-ல் அதை இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் ஓடையைத் திறந்தார்கள். ஓடுகிற சாலையை இடித்து நீருக்கு வழிவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன்.

குவாங்தோங் பாலத்துக்கு அடியில் நின்று பார்த்தீர்களா? தேஜோங் தன் மாற்றாந்தாயின் கல்லறையிலிருந்து பெயர்த்து வந்த கற்கள் அங்கே இருக்கின்றன. மேகமும் தேவ உருவங்களும் செதுக்கியவை, சில தலைகீழாக இருக்கும். ஒரு குடும்பப் பகை அறுநூறு ஆண்டுகளாக அந்தத் தண்ணீரோரம் நிற்கிறது.

என் வருத்தமெல்லாம் திறந்தது சுமார் 5.8 கிலோமீட்டர்தான் என்பதில். மலையிலிருந்து நீர் இறங்கும் தலைப்பகுதியை இன்னும் திறக்கவில்லை. அதைத் திறக்காமல் வேலை முடிந்தது என்று சொல்லக்கூடாது.

அப்புறம் இன்னொன்று. கரைச் சுவரில் வரிசையாகக் கதவுகள் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். கனமழை கொட்டினால் நடைபாதையை மூடிவிடுவார்கள், அந்தக் கதவுகள் திறந்துகொள்ளும். சாலைகளுக்கு அடியில் மூடிக் கிடக்கும் கால்வாய்களின் வெள்ளம் சாக்கடையோடு கலந்து ஓடைக்குள் பாயும். நீங்கள் கேட்ட மலைத் தண்ணீர் அன்றைக்கு அதற்குள் இருக்கும்.