பின்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: தெருவில் தேங்கிய மழைநீரில் ஓட்டியது முதல், 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே காரின் பின்பக்கம் இரைகிறது. பேரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நானே மாற்றலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தேய்ந்த டயரும் இப்படித்தான் இரையும் என்பதால், முதலில் பேரிங்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைச் சுழற்றும்போது, சஸ்பென்ஷன் சுருள்வில்லின் மீது வைத்த விரல்களில் நறநறவென்று அதிர்வு தெரிந்தால் பேரிங்தான்.

ஹப்புடன் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) சேர்ந்து போல்ட்டில் பூட்டப்படும் வகையாக இருந்தால் தாராளமாக நீங்களே மாற்றலாம். பிரேக் டிரம்முக்குள் அழுத்திப் பொருத்தும் வகையென்றால், டிரம்மைக் கழற்றி, பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. பேரிங்கின் உள்வளையத்தைச் சுத்தியலால் தட்டி இறக்கினால், குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, புதிய பேரிங்கும் விரைவிலேயே இரையத் தொடங்கும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள வண்டியென்றால், பேரிங்கின் காந்த வளையமுள்ள பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை நோக்கியே இருக்க வேண்டும். ஹப் நட்டையும் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எதை வேண்டுமானாலும் பேரம் பேசி வாங்குங்கள், பழைய பேரிங்கை மட்டும் வேண்டாம்.