மானைத் துரத்தாதீர்கள்: விலங்குகளின் பயமும் உடம்பும் – ஒரு வனவிலங்கு மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: பயந்த விலங்கின் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பதில்: முதலில் அட்ரினலின் என்ற ஹார்மோன். சில நொடிகளுக்குள் இதயத் துடிப்பு ஏறும், கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும், குடலுக்குப் போன ரத்தம் தசைக்குத் திரும்பும். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். அப்புறம் சில நிமிடங்களில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உடம்பு ஒத்திவைக்கும். எலிக்கும் பறவைக்கும் அந்த வேலையைச் செய்வது கார்டிகோஸ்டீரோன். உயிரைக் காக்க வந்த ஏற்பாடு இது. இதை நோய் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: நாய் துரத்திய புள்ளிமானைக் காப்பாற்றினோம். காயமே இல்லை. மூன்றாம் நாள் செத்துவிட்டது. ஏன்?

பதில்: இதைக் கேப்சர் மயோபதி என்போம். உயிர் தப்ப ஓடி ஓடித் தசை சிதைகிறது. அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும், சிறுநீர் கருத்துப் போகும். சில மணி நேரத்திலும் சாகலாம், பல நாள் கழித்தும் சாகலாம். ஓடும் மானைப் பிடிக்கப் பின்னால் ஓடாதீர்கள். எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்.

கேள்வி: என் கார்டிசால் குறைய என்ன சாப்பிடலாம்?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: நாயின் ரத்தத்தில் கார்டிசால் அதிகம். அதற்கு மன அழுத்தமா?

பதில்: ஊசி போடப் பிடித்ததாலேயே ஏறியிருக்கலாம். காட்டுப் பறவையின் இயல்பான அளவு வேண்டுமென்றால், பிடித்த 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். ஒரே ஓர் எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ஆண் அன்டிகைனஸ்கள் இனச்சேர்க்கை முடிந்ததும் மொத்தமாகச் சாகின்றனவே. குட்டிகளுக்கு உணவு மிஞ்சட்டும் என்ற தியாகம்தானே?

பதில்: இல்லை. அது எலி அளவிலான பைப்பாலூட்டி. ஆண்களுக்கு ஒரே ஒரு பருவம், சில வாரம்தான். அப்போது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் ஏறுவதால் கார்டிசாலைக் கட்டிவைக்கும் புரதம் குறைகிறது. கார்டிசால் சுரப்பதைப் போதும் என்று நிறுத்தும் பிரேக்கும் வேலை செய்வதில்லை. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறது, நோய் எதிர்ப்பு சரிகிறது. ஒரு வயது நிறையும் முன்பே முடிந்துவிடுகிறது.

கேள்வி (அவரே): விளைவு தியாகம்தானே?

பதில்: சரி, தியாகம் செய்யாத ஓர் ஆணை நினைத்துப் பாருங்கள். மற்றவை செத்து மிஞ்சிய உணவைத் தின்று அடுத்த ஆண்டும் சேரும், அதன் வாரிசுகளே பெருகும். தியாகக் கதை அங்கேயே உடைகிறது. பெண்கள் எல்லாம் பூச்சி நிறையக் கிடைக்கும் காலத்தைக் கணக்கிட்டு ஒரே சமயத்தில் பருவத்துக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் பல ஆண்களோடு சேர்கிறது. அந்தச் சில நாளில் யார் அதிகம் சேர்ந்தாரோ அவருக்கே குட்டி. உடம்பை முழுக்கச் செலவழித்தவன் ஜெயிக்கிறான், சாவு அதற்குக் கொடுத்த விலை. விதை நீக்கிய ஆண்கள் பருவம் தாண்டியும் வாழ்கின்றன.

கேள்வி: பசுவின் கார்டிசால் ரிப்போர்ட்...

பதில்: நாய்க்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இப்போது எங்கள் கல்லூரி வேலியில் ஒரு மான் மாட்டியிருக்கிறது. பையன்கள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள்.

பதில்: முதலில் எல்லோரையும் அனுப்புங்கள். வனத்துறைக்கு போன் போடுங்கள். கிட்டே போக முடிந்தால் துணியால் கண்ணை மட்டும் மூடுங்கள், மூக்கு திறந்திருக்கட்டும். நிழல் வேண்டும், சத்தம் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அவிழ்த்துக்கொண்டு ஓடினால் விட்டுவிடுங்கள்.